பாண்டவர் குகையும் புத்தரின் காலி அறையும்

ஆற்காட்டுக்குப் பக்கத்தில், விளாப்பாக்கத்தை ஒட்டி ஒரு குன்று இருக்கிறது. பெயர் பஞ்ச பாண்டவர் மலை. பாண்டவர்கள் அங்கே வந்ததற்குக் கல்வெட்டு எதுவும் கிடையாது. சமணத் துறவிகள் இருந்ததற்கு இருக்கிறது. ஆனாலும் பெயர் பாண்டவருக்குத்தான் போய்ச் சேர்ந்தது. இதில் நம் ஊர்க்காரர்களை மட்டும் குறை சொல்ல முடியாது. நாசிக் நகரத்தை ஒட்டிய குன்றில் 24 குகைகள் இருக்கின்றன. பெரும்பாலும் பௌத்தர்களுடையவை. அந்த ஊர் மக்கள் அவற்றைப் 'பாண்டவ லேணி' என்கிறார்கள். லேணி என்றால் மராத்தியில் குடைந்த குகை.

வட ஆற்காட்டில் இப்படிப் பெயர் வைப்பதற்குக் கூடுதல் காரணம் ஒன்று உண்டு. கோடை வந்தால் திரௌபதியம்மன் கோயில் முன்னால் பாரதம் படிப்பார்கள், இரவெல்லாம் கூத்து நடக்கும், கடைசியில் மண்ணில் துரியோதனனைப் பெரிதாகச் செய்து படுகளம் நடத்துவார்கள். பன்னிரண்டு ஆண்டு காட்டில் அலைந்தவர்கள் நம் பக்கம் ஒருநாள்கூடவா தங்காமல் போயிருப்பார்கள்? குன்றில் உளியால் குடைந்த ஓர் அறை கண்ணில் பட்டதும் ஊரிடம் பதில் தயாராக இருந்தது.

இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் என் சித்தி. மூன்று வருடங்களுக்கு முன்னால் அவர் சத்துவாச்சாரியிலிருந்து ஷீரடிக்குச் சுற்றுலா பஸ்ஸில் போய்வந்தார். ஷீரடி, சனி சிங்கணாப்பூர், கிருஷ்ணேஸ்வர ஜோதிர்லிங்கம், அதற்கு அடுத்த வாசல் போலவே இருக்கும் எல்லோரா என்று நம் பக்கத்துச் சுற்றுலாக்கள் போகும் வழக்கமான பாதைதான். எல்லோராவில் கொடுத்தது ஒன்றரை மணி நேரம். திரும்பி வந்ததும் "எப்படி இருந்தது?" என்று கேட்டேன். "கைலாசநாதர் கோயில் பிரமாதம். மற்றதெல்லாம் காலி அறை" என்றார்.

அங்கே மொத்தம் 34 குகைகள். முதல் 12 பௌத்தம், 13 முதல் 29 வரை சைவம், வைணவம், கடைசி ஐந்து சமணம். கைலாசநாதர் 16ஆவது. அந்த 'காலி அறை'களை எப்படிப் பார்ப்பது என்று தெரியாமல் பார்த்தால் யாருக்கும் சித்திக்குத் தோன்றியதுதான் தோன்றும். எனக்கும் முதல் முறை அப்படித்தான் தோன்றியது.

அடிப்படையிலிருந்து தொடங்குகிறேன். பௌத்தத் துறவி ஊர் ஊராக நடந்துகொண்டே இருக்க வேண்டும் என்பது பழைய விதி. மழைக்காலத்தின் மூன்று மாதம் மட்டும் விலக்கு. அப்போது நடந்தால் பயிரையும் பூச்சிகளையும் மிதிக்க நேரும் என்பதால் ஒரே இடத்தில் தங்கிவிட வேண்டும். தங்குவதற்கு நனையாத இடம் வேண்டும், குடிக்கத் தண்ணீர் வேண்டும், பிச்சைக்குப் போய்வரும் தூரத்தில் ஊர் வேண்டும். மூன்றும் கூடி வரும் இடம் மலைச்சரிவுதான். முதலில் இயற்கையாக அமைந்த பாறை நிழலில் ஒதுங்கினார்கள். பிறகு மன்னர்களும் வணிகர்களும் பொருள் கொடுக்க, பாறையைக் குடைந்து நிலையான தங்குமிடங்கள் அமைத்தார்கள். இந்தியாவில் நமக்குத் தெரிந்த மிகப் பழைய குடைவரைகள் பீகாரில், பராபர் குன்றுகளில் இருக்கின்றன. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அசோகர் கொடுத்தவை. பௌத்தரான அசோகர் அவற்றைக் கொடுத்தது ஆசீவகம் என்ற வேறொரு சமயத்தின் துறவிகளுக்கு. ஆகவே குகை என்றால் புத்தர் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடக் கூடாது.

'பள்ளி' என்ற நம் சொல்லில் இந்த வரலாறு முழுக்க ஒளிந்திருக்கிறது. பள்ளி என்றால் படுக்கை, படுக்கும் இடம். வேலூரிலிருந்து ஆம்பூர் போகும் வழியில் பெருமாள் படுத்திருப்பதால்தான் அந்த ஊர் பள்ளிகொண்டா. துறவிகள் படுத்த இடமும் பள்ளி. அவர்கள் அங்கே பிள்ளைகளுக்கு எழுத்தும் சொல்லிக் கொடுத்ததால் பாடசாலைக்கும் அந்தப் பெயர் வந்தது என்பார்கள். சோழர் காலத்தில் சமண, பௌத்தப் பள்ளிகளுக்கு விட்ட நிலத்துக்குப் 'பள்ளிச்சந்தம்' என்று பெயர். பஞ்ச பாண்டவர் மலையில் இருக்கும் முதலாம் ராஜராஜன் காலக் கல்வெட்டு ஒன்று அத்தகைய ஒரு பள்ளிச்சந்த ஊரின் வரிகளைப் பற்றித்தான் பேசுகிறது.

பௌத்தக் குடைவரைகளில் இரண்டு வகை. ஒன்று தங்குவதற்கு, மற்றது வணங்குவதற்கு. தங்கும் இடம் விகாரை. (விகாரம் என்றும் எழுதுகிறார்கள். அதைப் படித்தால் எனக்கு அலங்கோலம் என்ற பொருள்தான் முதலில் வருகிறது. இலங்கைத் தமிழர் சொல்லும் விகாரையே தேவலை.) நடுவில் ஒரு கூடம், மூன்று பக்கமும் சின்னச் சின்ன அறைகள். வணங்கும் இடம் சைத்தியம். நீளமான மண்டபம், இரண்டு பக்கமும் தூண் வரிசை, கோடியில் அரைவட்டமாக வளையும் சுவர், அந்த வளைவுக்குள் கல்லால் ஆன தூபி, கவிழ்த்த கிண்ணம் போன்ற மேடு. தூண்களுக்கும் சுவருக்கும் இடையே ஓர் ஆள் நடக்கும் அளவுக்குப் பாதை. எதற்கு என்று நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை, வலம் வருவதற்கு.

இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொள்ள எல்லோரா சரியான இடமில்லை. அங்கே எல்லாம் பெரிது, எல்லாம் பிற்காலம். நான் கற்றுக்கொண்டது பாஜா என்ற சின்ன இடத்தில். என் பெரியப்பாவோடு போனேன். அவர் கோலார் தங்கவயலில் சுரங்கத்தில் வேலை பார்த்து, 2001இல் சுரங்கம் மூடியதும் குடியாத்தத்துக்கு வந்துவிட்டவர். அரக்கோணத்தில் மும்பை ரயில் ஏறி, புனேயில் இறங்கி, லோனாவாலா போகும் லோக்கல் ரயிலில் மலவ்லி என்ற சிறிய நிலையத்தில் இறங்கினோம். தெற்கே நடந்தால் பாஜா, வடக்கே போனால் கார்லா. இரண்டையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம்.

பாஜாவில் 22 குகைகள், கி.மு. 2ஆம் நூற்றாண்டில் தொடங்கியவை. படியேறி முடித்ததும் சைத்தியம் நேரே முகத்தில் நிற்கிறது. அதன் முன்பக்கம் மரத்தால் ஆனது. மரம் எப்போதோ போய்விட்டதால் உள்ளே இருப்பது அத்தனையும் வெளியிலிருந்தே தெரிகிறது, பக்கச்சுவர் இல்லாத வீட்டைப் பார்ப்பது போல. பெரியப்பா உள்ளே போகவில்லை. வாசலில் நின்று தூண்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "தூண் ஏன் சாய்ந்திருக்கிறது, பார்த்தாயா?" என்று கேட்டார்.

பார்த்தேன். எல்லாத் தூண்களும் மேலே போகப் போக உள்பக்கமாகச் சற்றுச் சாய்ந்திருந்தன. கல் மண்டபத்துக்கு அந்தச் சாய்வு தேவையே இல்லை, ஏனென்றால் அது தூக்கி நிறுத்திய மண்டபம் அல்ல, முழு மலையில் காலி செய்த இடம். மரக்கால் நட்டு மேலே வளைகூரை போடும்போதுதான், கூரையின் பாரம் கால்களை வெளியே தள்ளிவிடாமல் இருக்க உள்பக்கம் சாய்த்து நடுவார்கள். அதாவது, மரத்தில் கட்டிப் பழகியவர்கள் கல்லில் குடையும்போதும் மரவீட்டையே நினைத்துக் குடைந்திருக்கிறார்கள். அன்று மதியம் கார்லாவில் இது இன்னும் தெளிவாகத் தெரிந்தது. இந்தியாவிலேயே பெரிய சைத்தியம் அது. அண்ணாந்து பார்த்தால் கல் விதானத்தில் வளைந்த மரச்சட்டங்கள் வரிசையாகப் பொருத்தியிருக்கின்றன. எதையும் தாங்காத சட்டங்கள். கூரை என்றால் சட்டம் இருக்க வேண்டும் என்பதற்காக வைத்தவை. அவற்றில் பெரும்பகுதி குடைந்த காலத்து மரமே என்கிறார்கள். இரண்டாயிரம் ஆண்டுத் தேக்கு. நம் வீட்டு வாசற்கால் பத்து வருடத்தில் கரையான் ஏறுவதை நினைத்துக்கொண்டேன்.

கார்லாவின் வாசலில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. சைத்தியத்துக்கு முன்னாலேயே ஏகவீரா தேவி கோயில் இருக்கிறது. மும்பைக் கடற்கரையின் கோலி மீனவர்களுக்குக் குலதெய்வம். படியேறுகிறவர்களில் பத்தில் ஒன்பது பேர் அம்மனுக்குத்தான் வருகிறார்கள். பூக்கடை, தேங்காய்க்கடை, கூட்டம் எல்லாம் தாண்டினால்தான் புத்தர் காலத்து மண்டபம். அதன் வாசல் பக்கத்துக் கல்வெட்டு ஒன்றில், வைஜயந்தியைச் சேர்ந்த பூதபாலன் என்ற செட்டி, நாவலந்தீவிலேயே சிறந்த கல்மாளிகை இது என்று எழுதி வைத்திருக்கிறான். வைஜயந்தி என்பது கர்நாடகத்து வனவாசி. தூண்களில் யவனர்களின் பெயர்கள்கூட இருக்கின்றன. கடற்கரைத் துறைமுகத்திலிருந்து தக்காணத்துக்கு ஏறும் கணவாய் வழியில் இந்தக் குன்றுகள் இருப்பதே இதற்குக் காரணம். பொதிமாடு ஓட்டி வந்த வணிகன் ஒரு தூணுக்குப் பணம் கொடுத்துவிட்டுப் போனான். குகைகள் ஏன் அத்துவானத்தில் இருக்கின்றன என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்: அன்றைக்கு அது நெடுஞ்சாலை.

இப்போது காலி அறைக்கு வருவோம். பாஜாவின் விகாரையில் ஓர் அறைக்குள் குனிந்து நுழைந்தோம். பக்கத்துக்கு மூன்று எட்டு வைத்தால் சுவர் வந்துவிடும். ஒரு சுவரை ஒட்டி, பாறையிலேயே விட்டு வைத்த கல்திண்ணை. வாசலின் கீழ்மூலையிலும் மேல்மூலையிலும் விரல் நுழையும் அளவுக்கு வட்டக்குழிகள். கதவின் குடுமி சுழன்ற குழிகள். ஆக, இங்கே மரக்கதவு இருந்திருக்கிறது. பெரியப்பா திண்ணையில் படுத்தே பார்த்துவிட்டார். "முதுகு வலிக்குத் தேவலை" என்றார். அந்த அறையில் சிற்பமும் இல்லை, ஓவியமும் இல்லை. சமையல் கிடையாது, சொத்து கிடையாது, ஒரு திருவோடும் மூன்று துவராடையும் வைத்திருக்கிற மனிதன் மழை ஓயும் வரை இருக்கும் அறையில் வேறு என்ன இருக்கும்? வெளியே வந்தால் பாறையில் தொட்டி வெட்டியிருக்கிறார்கள். மலையில் வழியும் மழைநீர் அதில் சேரும். நம் மலைகளில் சுனை என்போமே, அதைக் கையால் செய்தது. காலியாக இருப்பதாகத் தோன்றும் அறையில் திண்ணை, குடுமிக்குழி, விளக்கு வைத்த மாடம், வெளியே தண்ணீர்த் தொட்டி என்று நாலு இடத்தைத் தேடிப் பார்த்தால் அங்கே ஓர் ஆள் இருந்தது தெரிந்துவிடும்.

பாஜாவிலும் கார்லாவிலும் உள்ள பழைய சைத்தியங்களில் வழிபாட்டுக்கு உரியதாக வெறும் தூபி மட்டும் இருப்பதைக் கவனிக்க வேண்டும். தொடக்கத்தில் புத்தரை மனித உருவில் செதுக்கும் வழக்கம் இல்லை. தூபி, போதி மரம், பாதம், காலியான ஆசனம் இவற்றாலேயே அவரைக் குறித்தார்கள். காலம் போகப் போக உருவம் வருகிறது. அஜந்தாவில் 9, 10ஆம் குகைகளில் தூபி வெறுமையாக இருக்கும். 19, 26ஆம் குகைகளில் அதே தூபியின் முகப்பில் புத்தர் வந்துவிடுவார். இடையில் சுமார் ஐந்நூறு ஆண்டு. விகாரைகளும் அதற்குள் மாறிவிடுகின்றன. கூடத்தின் பின்சுவரில் நடு அறையைப் பெரிதாக்கி, அதில் புத்தரை அமர்த்தி, கருவறை போலவே ஆக்கிவிட்டார்கள். துறவிகளின் விடுதிக்குள் சாமி குடிவந்துவிட்டார். எந்தக் குகைக்குள் போனாலும் இந்த ஒரு கேள்வியைக் கேட்டால் போதும், ஏறத்தாழ எந்தக் காலம் என்று சொல்லிவிடலாம்: இங்கே புத்தர் இருக்கிறாரா, தூபி மட்டுமா?

அஜந்தாவுக்கும் எல்லோராவுக்கும் அடுத்த ஆண்டு போனோம். சித்தியையும் வற்புறுத்தி அழைத்துக்கொண்டோம். போன நாள் திங்கட்கிழமை. திங்களன்று அஜந்தா மூடியிருக்கும் என்பதை நான் பார்க்கவே இல்லை. நூறு கிலோமீட்டர் பயணத்துக்கு வண்டி பேசிய பிறகு ஓட்டுநர்தான் சொன்னார். செவ்வாய்க்கிழமை எல்லோராவுக்கு விடுமுறை. நல்லவேளையாக அன்று எல்லோராவுக்குப் போய், மறுநாள் அஜந்தா பார்த்தோம். சித்தி அதை இன்றைக்கும் சொல்லிக் காட்டுகிறார்.

எல்லோராவின் 10ஆவது குகைக்குத் தச்சன் குடிசை என்று பெயர். சைத்தியம்தான். ஆனால் மரச்சட்டம் வைக்கும் பழக்கத்தை விட்டுவிட்டு, சட்டத்தையும் கல்லிலேயே செதுக்கிவிட்டார்கள். அந்த விதானம் குரலைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. பெரியப்பா செருப்பைக் கழற்றினார், தூபிக்கு முன் அமர்ந்திருக்கும் புத்தர் முன்னால் நின்று, கையைக் கூப்பி, மெதுவாக 'புத்தம் சரணம் கச்சாமி' என்றார். கடைசி எழுத்து அடங்க வெகுநேரம் ஆனது. பேசிக்கொண்டு வந்த ஒரு கூட்டம் சட்டென்று அமைதியாகிவிட்டது.

அவர் சுற்றுலாப் பயணியாக வரவில்லை என்பது எனக்கு அங்கேதான் உறைத்தது. அயோத்திதாசப் பண்டிதர் 1898இல் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கம் தொடங்கினார். அதன் கிளைகள் தங்கவயலிலும் வேரூன்றின. வட ஆற்காட்டிலிருந்து பிழைக்கப்போன சுரங்கத் தொழிலாளர் குடும்பங்கள் பல அந்தச் சங்கத்தில் இருந்தன. பெரியப்பாவின் வீட்டில் பஞ்சசீலம், அதாவது பௌத்தரின் ஐந்து ஒழுக்க உறுதிகள், சொல்வது மூன்று தலைமுறைப் பழக்கம். நம் மாவட்டத்தின் பௌத்தத்தைத் தேடுகிறவர்கள் மலை ஏறுவதற்கு முன்னால் இந்த வரலாற்றைத்தான் படிக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

மறுநாள் அஜந்தாவில் அவருடைய சுரங்கக் கண் திறந்துகொண்டது. அங்கே வாகோரா ஆறு குதிரை லாடம் போல வளைகிறது, அந்த வளைவின் சரிவில் வரிசையாகச் சுமார் 30 குகைகள். எல்லாரும் பத்மபாணி ஓவியத்தைப் பார்க்க 1ஆம் குகையில் முண்டியடித்துக்கொண்டிருந்தபோது, அவர் 24ஆவது குகையில் நின்றுவிட்டார். முடிக்காமல் விட்ட குகை. என்னைப் பொறுத்தவரை அஜந்தாவிலேயே அதிகம் கற்றுத்தரும் இடம் அதுதான். பாறையில் இணையாக நீளக் காடிகள் வெட்டி, இடையில் நிற்கும் கல்லை உடைத்து எடுத்திருக்கிறார்கள். மேலிருந்து கீழாக வந்திருக்கிறார்கள். முதலில் விதானத்தை முடித்துவிட்டு, அப்படியே தரையை நோக்கி இறங்கினால் சாரம் கட்ட வேண்டியதில்லை, நிற்கும் கல்லே சாரம். உடைத்த கல்லை ஆற்றுப் பள்ளத்தில் தள்ளிவிடலாம். "மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போனோம். கூரை இறங்கிவிடாமல் முட்டுக் கொடுத்துக்கொண்டே போவதுதான் எங்கள் வேலையில் பாதி. இவர்கள் கூரையை முதலில் முடித்துவிட்டுத் தைரியமாக இறங்கியிருக்கிறார்கள்" என்றார்.

26ஆம் குகையின் இடது பக்கச் சுவரில் ஏழு மீட்டர் நீளத்துக்குப் புத்தர் படுத்திருக்கிறார். சித்தி பார்த்ததும், "பள்ளிகொண்டாப் பெருமாளைப் போலவே இருக்கிறாரே!" என்றார். நியாயமான குழப்பம்தான். பெருமாள் பாம்பணையில் அறிதுயில் கொள்கிறார், காலடியில் தேவியர். புத்தர் வலது பக்கமாக ஒருக்களித்து, வலது கையைக் கன்னத்துக்கு அணையாகக் கொடுத்து, கண்மூடிக் கிடக்கிறார். அது உறக்கமில்லை, பரிநிர்வாணம். கட்டிலின் கீழ் வரிசையில் அழுதுகொண்டிருக்கும் சீடர்களைக் காட்டியதும் சித்தி கொஞ்ச நேரம் பேசவில்லை.

இதைவிடப் பெரிய குழப்பம் புத்தருக்கும் சமணர் வணங்கும் தீர்த்தங்கரருக்கும் இடையே நம் ஊரில் நடக்கிறது. வள்ளிமலையில் முருகன் வள்ளியைத் தேடி வந்த கதையோடு மேலே ஏறுகிறவர்கள், பாறையில் வரிசையாக அமர்ந்திருக்கும் சமண உருவங்களைப் பார்த்துப் 'புத்தர் சிலை' என்று படம் எடுத்துப் போடுகிறார்கள். பிரிப்பது எளிது. புத்தர் ஆடை உடுத்தியவர். கல் எவ்வளவு தேய்ந்திருந்தாலும் இடது தோளிலிருந்து மார்பின் குறுக்கே ஓடும் கோடு, கணுக்காலருகே ஆடையின் கரை, இவற்றில் ஒன்றாவது மிஞ்சியிருக்கும். தீர்த்தங்கரர் ஆடையற்றவர், தலைக்கு மேல் மூன்று அடுக்குக் குடை இருக்கும். அமர்ந்தால் இரண்டு கைகளும் மடியில்தான். புத்தர் கையை உயர்த்துவார், நிலத்தைத் தொடுவார், மார்பருகே விரல்களைச் சேர்த்துப் போதிப்பார். நிற்கும் ஆடையற்ற உருவத்தின் தலைக்கு மேல் பாம்பு படமெடுத்தால் அது பார்சுவநாதர். இந்தக் குழப்பம் எதிர்த் திசையிலும் நடந்திருக்கிறது. சேலத்தில் தலைவெட்டி முனியப்பனாக ஆடு கோழி வாங்கிக்கொண்டிருந்த சிலை புத்தர்தான் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2022இல் சொன்னது.

வட ஆற்காட்டுக் குகைகள் ஏன் சமணமாகவோ பல்லவர் எடுத்த சைவ, வைணவக் கோயிலாகவோ இருக்கின்றன, பௌத்தம் எங்கே போயிற்று என்று கேட்பீர்கள். சீனப் பயணி யுவான் சுவாங் 7ஆம் நூற்றாண்டில் காஞ்சிக்கு வந்தபோது நூற்றுக்கும் மேற்பட்ட பௌத்த மடங்கள் இருந்ததாக எழுதியிருக்கிறார். அவை இருந்தது நகரத்தில், மலையில் அல்ல. செங்கல்லும் மரமும் நிற்கவில்லை. இன்னொரு காரணம் கல். மராட்டியத்து மலைகள் எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காக உறைந்தவை, குடைவதற்கு ஓரளவு வாகானவை. நம்முடையது கருங்கல். மகேந்திரவர்மன் 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதில் உளி வைக்கிற வரை தமிழ்நாட்டில் பெரிய குடைவரை என்று எதுவும் இல்லை. மகேந்திரவாடியில் வயல்வெளிக்கு நடுவே தனியாகக் கிடக்கும் ஒரே பாறையில் அவன் குடைந்த விஷ்ணு கோயிலைப் பாருங்கள். அஜந்தாவின் ஒரு கூடத்துக்குள் அதை முழுதாக வைத்துவிடலாம். ஆனால் அந்தக் கல்லில் அந்தத் தூணைச் செதுக்கிய கையின் உழைப்பு வேறு கணக்கு.

ஓவியம் பார்க்க விரும்புகிறவர்கள் ஒரு விஷயத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். அஜந்தாவின் வண்ணங்கள் பாறையின் மேல் நேரடியாகத் தீட்டியவை அல்ல. மண்ணும் உமியும் நாரும் கலந்த பூச்சு, அதன் மேல் மெல்லிய சுண்ணாம்பு, அதன் மேல்தான் வண்ணம். பூச்சு உதிர்ந்தால் ஓவியமும் சேர்ந்து உதிரும். அதனால்தான் ஃப்ளாஷ் கூடாது, தொடக்கூடாது, ஓவியக் குகைகளுக்குள் செருப்பு கூடாது என்று சொல்கிறார்கள். மலையாம்பட்டு ஆர்மாமலைக் குகையில், நம் பக்கத்திலேயே, 8ஆம் நூற்றாண்டுச் சமண ஓவியங்கள் இருக்கின்றன. இருக்கின்றன என்பதைவிட மிச்சமிருக்கின்றன என்பதே சரி. 1819 ஏப்ரலில் புலி வேட்டைக்கு வந்த ஜான் ஸ்மித் என்ற பிரிட்டிஷ் அதிகாரி அஜந்தாவின் 10ஆம் குகைத் தூணில் ஓவியத்தின் மேலேயே தன் பெயரையும் தேதியையும் கீறி வைத்தான். இரண்டு நூற்றாண்டாகியும் அது மறையவில்லை. காதலர் பெயர்களை ஆணியால் எழுதும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு அவன்தான் முன்னோடி.

போகிறவர்கள் கவனிக்க வேண்டியவை இன்னும் சில. வெயிலிலிருந்து உள்ளே நுழைந்ததும் எதையும் பார்க்க முயலாதீர்கள். ஐந்து நிமிடம் சும்மா நில்லுங்கள், கண் பழகும். சித்தி இதைச் செய்ய மறுத்து, உள்ளே வந்த வேகத்தில் தூணில் இடித்துக்கொண்டார். மலைக்குகை வாசல்களில் பெரிய தேனடைகள் தொங்கும். அந்தப் பக்கம் புகை, வாசனைத் தெளிப்பான், கூச்சல் எதுவும் வேண்டாம். நம் ஊர்க் குன்றுகளுக்கு மார்கழி, தை மாதக் காலை நேரமே ஏற்றது. கத்திரியில் வேலூர்ப் பாறையில் ஏறுவது வீரமில்லை. தனியாகப் போகாமல் அடிவார ஊரில் ஆடு மேய்க்கும் பையன் யாரையாவது கூட அழைத்துக்கொள்வது நல்லது. பாதை, பாம்பு, வௌவால் மூன்றையும் அவன் அறிவான்.

வழிபாடு நடக்கும் குகை என்றால் மரியாதை கொஞ்சம் கூடுதலாக வேண்டும். அஜந்தா டிக்கெட் வாங்கிப் பார்க்கும் தொல்லியல் சின்னம். இலங்கையின் தம்புள்ளை அப்படியல்ல. ஒரே பெரும்பாறையின் நெற்றிக்குக் கீழே ஐந்து குகைகள், இன்றும் பூப்போட்டு வணங்கும் விகாரை. தமிழ்த் தலைவர்களின் படையெடுப்பில் அரியணை இழந்த வலகம்பா மன்னன் அந்தக் குகைகளில் ஒளிந்திருந்தான், ஆட்சி திரும்பியதும் விகாரை ஆக்கினான் என்பது மரபு. அங்கே தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும், செருப்பும் தொப்பியும் வெளியே விட வேண்டும். புத்தருக்கு முதுகைக் காட்டி நின்று படம் எடுப்பதை அவமதிப்பாகக் கருதுகிறார்கள். பாறையின் நெற்றியில் மழைநீர் உள்ளே வழியாமல் சொட்டிவிட வெட்டிய காடியைப் பாருங்கள். மதுரைப் பக்கத்துச் சமணக் குகைகளிலும் அதே காடிதான். இலங்கையில் இந்தக் காடிக்குக் கீழே பிராமி எழுத்தில், வந்த, வராத, நான்கு திசைச் சங்கத்தாருக்கும் இந்தக் குகை என்று திரும்பத் திரும்ப எழுதியிருப்பார்கள். இனி வரப்போகிறவருக்கும் சேர்த்துக் கொடுத்துவிட்ட அறை.

ஊருக்குத் திரும்பிய தை மாதத்தில் பெரியப்பா பஞ்ச பாண்டவர் மலையைப் பார்க்க வேண்டும் என்றார். அடிவாரத்துக் குடைவரையில் இரண்டு வரிசைத் தூண்கள், பின்சுவரில் ஏழு அறைகள். ஏழும் காலி. சிலை இல்லை, திண்ணை இல்லை, வேலையும் முழுதாக முடியவில்லை. பல்லவன் நந்திவர்மன் காலக் கல்வெட்டும், பொன்னியக்கியார் என்ற சமண இயக்கியின் படிமமும் இருப்பது மலையின் இன்னோர் இடத்தில், ஓர் இயற்கைக் குகைப் பக்கம். பெரியப்பா ஒவ்வோர் அறையாகக் குனிந்து பார்த்து, குடுமிக்குழி தேடி, உளித்தடத்தில் விரலை ஓட்டிக்கொண்டே போனார். எங்களுக்குப் பின்னாலேயே வந்த ஆடு மேய்க்கும் பையனிடம் நான் சும்மா இருக்காமல், "பாண்டவர்கள் ஐந்து பேர்தானே, ஏழு அறை எதற்கு?" என்று கேட்டேன்.

இது தெரியாதா என்பது போல என்னைப் பார்த்தான். "திரௌபதியம்மனுக்கு ஒன்று, குந்திக்கு ஒன்று" என்றான்.

பெரியப்பா ஏழாவது அறைக்குள்ளிருந்து தலையை வெளியே நீட்டி, "கணக்கு சரியாகத்தானே வருகிறது" என்றார்.